கிம்ப் 3: போட்டோவைக் கலைத்து ஓவியம் பண்ண இது போதும்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பலாம். ஒரு போட்டோவை எடுத்து, அதில் இருப்பது குடமா படகா என்றே தெரியாத அளவுக்குக் கலைத்து, நிறமும் அசைவும் மட்டும் மிஞ்சுகிற மாதிரி ஒரு அரூப ஓவியம் பண்ண வேண்டுமா? காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். கிம்ப் 3 என்ற படம் திருத்தும் மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கல்யாண ஆல்பம் திருத்துவது, பேனர் அடிப்பது, மூஞ்சியில் பரு நீக்குவது இதற்கெல்லாம் கிம்ப் எப்படி என்று கேட்டால் நான் வேறு பதில் சொல்வேன். இந்த விமர்சனம் அதைப் பற்றியது இல்லை.

கிம்ப் ஒன்றும் புதுசு இல்லை. 1995இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்று இரண்டு மாணவர்கள் ஆரம்பித்தது, அடுத்த வருஷமே பொதுவெளிக்கு வந்துவிட்டது. அப்புறம் நடை ரொம்ப மெதுவு. 2.10 பதிப்பு வந்தது 2018 ஏப்ரலில், 3.0 வந்தது 2025 மார்ச்சில். கிட்டத்தட்ட ஏழு வருஷம். நடுவில் பலர் கைகழுவிவிட்டுப் போய்விட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஏழு வருஷக் காத்திருப்புக்கு ஒரே ஒரு வசதியை வைத்தே நியாயம் சொல்லலாம், அதுவும் நம்முடைய இந்த வேலைக்குத்தான் அது உயிர்.

முன்பெல்லாம் மங்கலாக்குவது, நெளிப்பது மாதிரி ஒரு ஃபில்டரைப் போட்டு ஓகே கொடுத்தால் போச்சு, படத்தின் பிக்சலே, அதாவது நிறப் புள்ளிகளே, மாறிவிடும். அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று ஆறாவது ஃபில்டருக்குப் போனபிறகு "அடடா, இரண்டாவதில் கொஞ்சம் கம்மியாக வைத்திருக்கலாமே" என்று தோன்றினால், அன்டூ அடித்து அடித்து பின்னால் போய் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும். அரூப ஓவியத்தில் இது பெரிய தண்டனை, ஏனென்றால் இங்கே முன்கூட்டியே வரைபடம் எதுவும் கிடையாது, நோண்டி நோண்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள்களைத்தான் லேயர் என்பார்கள். 3.0இல் ஃபில்டர் லேயரின் மேல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, பிக்சலைத் தொடுவதில்லை. லேயர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் "எஃப்எக்ஸ்" என்று ஒரு சின்னக் குறி வருகிறது, அதை அழுத்தினால் நீங்கள் போட்ட ஃபில்டர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும். ஒன்றை மட்டும் அணைத்துப் பார்க்கலாம், மேலே கீழே நகர்த்தலாம், திறந்து எண்ணை மாற்றலாம். மேலே கீழே நகர்த்துவதுதான் விசேஷம். மங்கலாக்கிவிட்டு நெளிப்பதும் நெளித்துவிட்டு மங்கலாக்குவதும் ஒன்று இல்லை, இரண்டும் இரண்டு வெவ்வேறு ஓவியம். முன்பு இதைச் சோதித்துப் பார்க்கவே சோம்பலாக இருக்கும், இப்போது ஒரு இழுப்பு.

ஃபோட்டோஷாப்காரர்கள் சிரிப்பார்கள், அவர்களுக்கு ஸ்மார்ட் ஃபில்டர் என்ற பெயரில் இது 2007லேயே வந்துவிட்டது. சிரிக்கட்டும், அவர்கள் மாதாமாதம் கட்டுகிறார்கள்.

சரி, எந்த போட்டோ? இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். அழகான போட்டோ வேண்டும் என்று நினைத்து ஊட்டி மலை, மகாபலிபுரக் கடற்கரைக் கோயில் என்று எடுத்துவருவார்கள். அரூபத்துக்கு வேண்டியது அழகு இல்லை, பெரிய பெரிய திட்டுகளாக நிறமும் தெளிவான வெளிச்சம் நிழலும்தான். காசிமேட்டில் கரையேற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளின் பக்கவாட்டில் பெயின்ட் உரிந்து நீலத்துக்குள்ளிருந்து பழைய மஞ்சள் எட்டிப்பார்க்குமே, அது நல்ல சரக்கு. கோயம்பேட்டில் கொட்டி வைத்திருக்கும் செவ்வந்திக் குவியலும் பக்கத்தில் கோழிக்கொண்டையும். மழை விட்ட ராத்திரியில் ரோட்டில் விழும் கடை விளக்குகள். ஃபோகஸ் போன படங்கள், கை ஆடிய படங்கள் எல்லாம்கூட இங்கே செல்லும், போனில் அழிக்காமல் வைத்திருங்கள். முகம் இருக்கும் போட்டோ மட்டும் வேண்டாம். எவ்வளவு கலைத்தாலும் கண்ணும் மூக்கும் எப்படியாவது வெளியே வந்துவிடும், பார்ப்பவர்கள் அதை மட்டுமே தேடுவார்கள்.

நான் அதிகம் வேலை பார்த்தது தண்ணீர் லாரிக்காக வரிசையில் வைத்த பிளாஸ்டிக் குடங்களின் போட்டோ ஒன்றில். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், நடுவில் ஒரு ஊதா, எல்லாம் பக்கம் பக்கமாக, மேல் வெயில். இதை வைத்தே கிம்ப் என்ன செய்யும் என்று காட்டுகிறேன்.

முதலில் படத்தை வெட்டி, குடங்கள் மட்டும் சட்டத்தை நிரப்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வானமும் சுவரும் போகட்டும். அடுத்து ஃபில்டர்ஸ் மெனுவில் ப்ளர், அதற்குள் லீனியர் மோஷன் ப்ளர். இதில் இரண்டே ஸ்லைடர்தான், நீளமும் கோணமும். கோணத்தை 90 வைத்தால் நிறங்கள் செங்குத்தாக இழுபடும், சிவப்பு சிவப்பாகவே கீழே வழியும், பச்சை பச்சையாகவே. குடம் காணாமல் போய் பட்டுப்புடவை பார்டரைப் பிரித்து விரித்த மாதிரி கோடு கோடாக நிற்கும். அதே கோணத்தை 0 ஆக்கிப் பாருங்கள், குடங்கள் பக்கவாட்டில் ஒன்றின்மேல் ஒன்று இழுபட்டு, சிவப்பும் பச்சையும் கலந்து, மொத்தமும் சாணி நிறத்துக்குப் போய்விடும். ஒரு எண், முழு ஓவியமும் செத்துவிட்டது. நிறங்கள் எந்தத் திசையில் அடுக்கியிருக்கின்றனவோ அதற்குக் குறுக்கே இழுக்க வேண்டும், இதை நினைவில் வைத்துக்கொண்டால் மங்கலாக்கும் வேலையில் பாதி தெரிந்த மாதிரி. பெரிய படத்துக்கு ஒரு தடவை போட்டால் போதாது, அதே ஃபில்டரை இன்னொரு தடவை மேலே ஏற்றுங்கள், இரண்டும் பட்டியலில் தனித்தனியாக நிற்கும்.

இப்போது டிஸ்டார்ட்ஸ் மெனுவில் இருக்கும் போலார் கோஆர்டினேட்ஸ். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கணக்குப் பரீட்சை எதுவும் இல்லை. நேராக நிற்கும் படத்தைச் சுருட்டி வட்டமாக்குகிறது, அவ்வளவே. நம்முடைய செங்குத்துக் கோடுகள் நடுவிலிருந்து வெளியே பாயும் கதிர்களாகிவிடும். கிடைக்கோடுகளாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் கிடைக்கும். சர்க்கிள் டெப்த் என்ற ஸ்லைடர் 100இல் இருந்தால் முழு வட்டம், குறைக்கக் குறைக்க சட்டத்தின் மூலைகளை நோக்கி நிறம் பரவும். எனக்கு வட்டம் வட்டமாக இருப்பது பிடிக்காது, பாதிக்கும் கீழே இறக்கிவிடுவேன்.

இங்கே ஒரு தொல்லை வரும். படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் வட்டத்தில் ஓரிடத்தில் சந்திக்கும், ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் நீலம், நடுவில் கத்தியால் வெட்டின மாதிரி ஒரு கோடு. மென்பொருளின் தப்பு இல்லை அது. ஃபில்டர் போடுவதற்கு முன்பே கேன்வாஸை அகலத்தில் இரண்டு மடங்காக்கி, லேயரை நகல் எடுத்து, நகலை இடவலமாகத் திருப்பி, பக்கத்தில் ஒட்டி இணைத்துவிட்டால் இரண்டு ஓரமும் ஒரே நிறமாகிவிடும், கோடு மறைந்துவிடும். படத்துக்கு ஒரு சமச்சீர் வந்துவிடுகிறது என்பது இதன் விலை. அதைப் பின்னால் வார்ப் கருவியால் அங்கங்கே தள்ளிக் கெடுத்துக்கொள்ளலாம், கெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்தது லேயர் மோட், அதாவது மேல் லேயர் கீழ் லேயரோடு எப்படிக் கலக்க வேண்டும் என்ற தேர்வு, என் கணக்கில் ஃபில்டர்களைவிடப் பெரிய சமாச்சாரம். லேயரை நகல் எடுத்து, நகலை 90 டிகிரி சுற்றி, மோடை டிஃபரன்ஸ் என்று மாற்றுங்கள். இரண்டு லேயரிலும் ஒரே நிறம் விழும் இடம் கறுப்பாகும், மற்ற இடங்களில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்த மிச்சம் தெரியும். கணினி எந்த நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்ணாகத்தான் எழுதும். சிவப்பு என்பது அதற்கு 255, 0, 0. மஞ்சள் 255, 255, 0. கழித்தால் 0, 255, 0, அதாவது பளீர் பச்சை. சிவப்புக் குடத்தின்மேல் மஞ்சள் குடம் விழுந்த இடத்தில், போட்டோவிலேயே இல்லாத ஒரு பச்சை முளைக்கிறது. மேல் லேயரைக் கொஞ்சம் நகர்த்தினால் அந்தப் பச்சையும் நகரும், வேறெங்கோ ஒரு ஊதா கிளம்பும். மணி போவதே தெரியாது, அடுப்பில் பால் வைத்துவிட்டு இதில் உட்காராதீர்கள். டிஃபரன்ஸ் ரொம்ப இருட்டாகப் போனால் எக்ஸ்க்ளூஷன் போட்டுப் பாருங்கள், அதே குடும்பம், கொஞ்சம் சாதுவானது. ஹார்ட் மிக்ஸ் போட்டால் எல்லாம் சுவர் விளம்பர நிறமாகிவிடும், அதிலும் ஒரு ருசி உண்டு, லேயரின் அடர்த்தியை 20, 30க்கு இறக்கிவிட்டால்.

நிறத்தை மாற்றும் கருவிகளில் ஏலியன் மேப்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒவ்வொரு நிறச் சேனலையும் ஒரு சைன் அலை வழியாக அனுப்புகிறது, அலைவெண் ஏற ஏற வெளிச்சம் நிழல் இருந்த இடமெல்லாம் பட்டை பட்டையாக வேறு வேறு நிறமாகும். முதல் தடவை பார்க்கும்போது வாயைப் பிளக்கலாம். அதற்கப்புறம் பார்த்தால் ஏலியன் மேப் போட்ட எல்லாப் படங்களும் ஒரே மாதிரிதான் இருக்கும், இருபது வருஷத்துக்கு முந்தைய கம்ப்யூட்டர் சென்டர் ஸ்கிரீன்சேவர். மூன்று சேனலையும் ஆட விடாமல் இரண்டை அப்படியே இருக்கச் சொல்லி டிக் போட்டுவிட்டு, நீலத்தை மட்டும் லேசாகக் கலைத்தால் உபயோகம் உண்டு. அதைவிட எனக்கு கிரேடியன்ட் மேப் நம்பகம். வெளிச்சத்தின் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, நீங்கள் தேர்ந்தெடுத்த நிறச்சாய்வை அதன்மேல் பூசுகிறது, இருட்டுக்கு அரக்கு, நடுவுக்கு ஆரஞ்சு, வெளிச்சத்துக்கு வெளிர் மஞ்சள் என்று நீங்களே முடிவு செய்யலாம். வண்ணமயம் என்றால் எல்லா வண்ணமும் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. மூன்று நிறம், அதில் ஒன்று மட்டும் கத்தலாம், மற்ற இரண்டும் அதற்கு இடம் கொடுத்து நிற்கட்டும்.

மற்ற ஃபில்டர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கெலைடாஸ்கோப் வேண்டவே வேண்டாம், எதைப் போட்டாலும் மேஜை விரிப்பாகத்தான் வரும். எண்ணெய் ஓவியம் மாதிரி ஆக்கும் ஆயிலிஃபை நல்லது, ஆனால் கடைசியில் லேசாக. மீன் கர்வேச்சர் ப்ளர் என்று ஒன்று இருக்கிறது, யாரும் கண்டுகொள்வதில்லை, மூலைகளைக் கரைத்து உருண்டை உருண்டையாக்கும், கோழிக்கொண்டைப் பூவில் போட்டால் மேகம் மாதிரி சிவப்பு கிடைக்கும். வாட்டர்பிக்சல்ஸ் படத்தைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே நிறம் கொடுக்கும், படகு பெயின்டுக்கு நன்றாகப் பொருந்தும். ரெகர்சிவ் டிரான்ஸ்ஃபார்ம் ஒரு படத்துக்குள் அதே படத்தைச் சுருக்கி நுழைத்துக்கொண்டே போகும், அளவோடு.

இதெல்லாம் போதாது என்பவர்களுக்கு ஜி-மிக் இருக்கிறது. பிரான்ஸில் கான் நகரத்தில் இருக்கும் க்ரேக் ஆய்வகத்தில் 2008இலிருந்து வளர்ந்துவரும் திறந்தமூலத் திட்டம், கிம்புக்குள் ஒரு ப்ளக்-இன்னாக, அதாவது கூடுதல் இணைப்பாக, உட்காரும், தனியாக இறக்கி நிறுவ வேண்டும். 500க்கும் மேல் ஃபில்டர்கள். ரொடிலியஸ், பாலிகனைஸ், ட்ரீம் ஸ்மூதிங் இந்த மூன்றோடு ஆரம்பியுங்கள். ஆனால் கவனம், மேலே புகழ்ந்தேனே, ஃபில்டர் பிக்சலைத் தொடாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று, அது கிம்பின் சொந்த ஜெகல் எஞ்சினில் ஓடும் ஃபில்டர்களுக்குத்தான். ப்ளக்-இன் வகையறா எல்லாம் பழைய மாதிரியே பிக்சலை மாற்றிவிடும். அதனால் ஜி-மிக் பக்கம் போகும் முன் லேயரை ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது.

இனி குறைகள். மெனு அமைப்பு ஒரு காடு. நிறம் சம்பந்தப்பட்டது சில கலர்ஸில், கலர்ஸுக்குள்ளே மேப் என்று ஒரு கிளை, ஃபில்டர்ஸுக்குள்ளும் இன்னொரு மேப், ஏன் என்று கேட்கக் கூடாது. இதற்கு ஒரு மருந்து இருக்கிறது: கீபோர்டில் சாய்கோட்டை அழுத்தினால் தேடல் பெட்டி திறக்கும், பெயரில் நாலு எழுத்து அடித்தால் போதும், மெனுவை மறந்துவிடலாம். தமிழ் இடைமுகமும் உண்டு, ஆனால் பாடம் சொல்லித்தரும் வீடியோக்களில் எல்லாம் ஆங்கிலப் பெயர்தான் வரும் என்பதால் கற்றுக்கொள்ளும் காலத்தில் ஆங்கிலத்திலேயே வைத்திருப்பது சௌகரியம். சேவ் கொடுத்தால் கிம்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் கோப்பாக மட்டும்தான் சேமிக்கும், ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் என்று தனியாகப் போக வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் இதில் எரிச்சல்படுகிறார்கள். நம் வேலைக்கு இது நல்லதுதான், எக்ஸ்சிஎஃப்பில் ஃபில்டர் அடுக்கு அப்படியே இருக்கும், ஆறு மாசம் கழித்துத் திறந்து நிறத்தை மாற்றலாம். 2.10 வைத்திருக்கும் நண்பருக்கு அந்தக் கோப்பை அனுப்பாதீர்கள், சரியாகத் திறக்காது.

பெரிய குறை வேகம். ஃபில்டர்கள் அடுக்கடுக்காக நிற்கும்போது அடியில் ஒன்றை மாற்றினால் மேலே உள்ளது எல்லாம் மறுபடி கணக்குப் போட வேண்டும், சாதாரண லேப்டாப் மூச்சு வாங்கும். படத்தின் துல்லியத்தை 32 பிட்டுக்கு மாற்றச் சொல்லி எல்லா வழிகாட்டியும் சொல்லும், சரியான அறிவுரைதான், இல்லாவிட்டால் நிறச்சாய்வுகளில் படிக்கட்டு விழும். ஆனால் கணக்குப் பாருங்கள்: 4000க்கு 3000 பிக்சல் போட்டோ, ஒரு பிக்சலுக்கு 16 பைட், ஒரே ஒரு லேயர் 192 எம்பி. ஆறு லேயர் வைத்தால் ஒரு ஜிபியைத் தாண்டிவிடும், அன்டூவுக்கு வேண்டியது தனி. அதனால் நோண்டிப் பார்க்கும் கட்டத்தில் படத்தை 1500 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி விளையாடி, பிடித்த வரிசை கிடைத்ததும் பெரிய படத்தில் போடுங்கள். மங்கலின் நீளம் மாதிரி பிக்சல் கணக்கில் இருக்கும் எண்களை அதே விகிதத்தில் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஃபில்டர் பெட்டியிலும் நீங்கள் முன்பு வைத்த எண்கள் தேதி, நேரத்தோடு பட்டியலாகக் கிடைக்கின்றன. இந்தச் சின்ன விஷயத்தை யோசித்துச் செய்தவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுக்கலாம்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? ஃபோட்டோஷாப் வேகத்திலும் வசதியிலும் மேலே, சந்தேகமே இல்லை, ஏற்கெனவே தொழிலுக்காகக் கட்டிக்கொண்டிருப்பவர் இங்கே வர ஒரு காரணமும் இல்லை. க்ரிட்டாவும் இலவசம், கையால் தூரிகை வைத்து வரைபவர்களுக்கு அதுதான், போட்டோவிலிருந்து தொடங்குபவர்களுக்கு கிம்ப். ஃபோட்டோபீ பிரவுசரிலேயே ஓடும், ஆபீஸ் கணினியில் எதையும் நிறுவ முடியாதவர்களுக்கு வரப்பிரசாதம். போன் ஆப்கள் ஒரு தட்டில் ஓவியமாக்கித் தருகின்றன, ஆனால் அடுத்த தெருக்காரரின் படமும் அதே தட்டில் அதே மாதிரி வரும். நாலு வார்த்தை தட்டினால் ஏஐ வரைந்து தருமே என்று கேட்பவர்கள் தாராளமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது அந்தத் தெருவின் குடங்களுடைய சிவப்பு.

கடைசியாக அச்சு. திரையில் எரியும் மெஜந்தாவும் மின்சார நீலமும் காகிதத்தில் வராது, அச்சு மையின் எல்லை அவ்வளவுதான், கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை. அவரிடமே அச்சு ப்ரொஃபைல் கோப்பைக் கேட்டு வாங்கி, கிம்பில் சாஃப்ட் ப்ரூஃப் போட்டுப் பார்த்துவிட்டால் எந்த நிறம் அடங்கிப்போகும் என்று முன்பே தெரிந்துவிடும், அதற்கேற்ப நிறத்தைத் திருப்பிக்கொள்ளலாம். 3.0இல் ஜேபெக், டிஃப் இரண்டையும் சிஎம்ஒய்கேயிலும், அதாவது அச்சு மைகளின் நிறக் கணக்கிலும், ஏற்றுமதி செய்ய முடிகிறது. கடையில் சிஎம்ஒய்கே கேட்டால் கொடுங்கள், கேட்காவிட்டால் திரையின் நிறக் கணக்கான ஆர்ஜிபியே போகட்டும். ஏ3 அளவுக்கு 300 பிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல்) கணக்கில் 3508க்கு 4961 பிக்சல் வேண்டும், ஆனால் இழுத்து மங்கலாக்கிய அரூபத்தில் ஊசி முனைக் கூர்மை எதுவும் இல்லாததால் 150லேயே கேன்வாஸில் நன்றாக வந்துவிடும். கேன்வாஸைச் சட்டத்தில் மடித்து அடிப்பதாக இருந்தால் நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு ஏற்றுமதி செய்யுங்கள், இல்லையென்றால் ஓவியத்தின் ஓரம்தான் மடிப்புக்குள் போகும்.